நார்சிஸ்ஸா விட்மன்: எல்லைப்புற மிஷனரி ஒருவர் மனைவியின் இல்லற வாழ்க்கை

நார்சிஸ்ஸா பிரென்டிஸ் விட்மன் (1808–1847), வட அமெரிக்காவின் மேற்குக் கோடியில் அக்காலத்தில் ஆரிகன் தேசம் என்று வழங்கிய நிலப்பரப்பிலே, கேயூஸ் என்னும் ஆதிக்குடி மக்களிடையே ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் குடியிருந்து ஊழியம் செய்த மருத்துவ மிஷனரி மார்க்கஸ் விட்மனின் மனைவி. ராக்கி மலைத்தொடரைக் கடந்து சென்ற முதல் வெள்ளை மாதர் இருவருள் ஒருவர் என்பதாலும், 1847ஆம் ஆண்டில் நிகழ்ந்த விட்மன் படுகொலையில் உயிர் துறந்தவர் என்பதாலும் அவர் பெயர் அமெரிக்கச் சரித்திரத்தில் நிலைபெற்றது. ஆயினும் தாய்வீட்டாருக்கு அவர் இடைவிடாது எழுதிய கடிதங்களும், அவரிடம் வளர்ந்த அநாதைச் சிறுமி ஒருத்தி பிற்காலத்தில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளும் ஓர் எல்லைப்புற மிஷனரி இல்லத்தின் அன்றாட ஜீவியத்தை வேறெந்த ஆவணமும் காட்டாத அளவு நுணுக்கமாகக் காட்டுவதால், அவர் சரித்திரத்தில் அந்த இல்லறமே தனித்து ஆராயத்தக்க பகுதியாகும்.

மிஷனரி மனைவியின் நிலை

விட்மன் தம்பதிகளை அனுப்பிய ஸ்தாபனம், பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1810இல் தோன்றிய அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கம். 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் ஊழியம் தொடங்கித் தமிழ் மக்களிடையே அமெரிக்கன் மிஷன் என்று அறியப்பட்டதும் இச்சங்கமே. மணமாகாத பெண்களைத் தொலைவான எல்லைப்புறங்களுக்கு அனுப்ப இச்சங்கத்தார் தயங்கினார்கள்; மணமான ஆடவரையோ பெரிதும் விரும்பினார்கள். மிஷனரியின் மனைவி சங்கத்தின் பட்டியலில் துணை மிஷனரி என்றே குறிக்கப்பட்டாள். அவளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் அவள் நடத்தும் குடும்பமே, சுவிசேஷம் அறியாத மக்களுக்குக் கிறிஸ்தவ வாழ்க்கை இன்னதென்று எடுத்துக்காட்டும் கண்கண்ட பிரசங்கமாக விளங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சமையலும் சலவையும் பிள்ளைப்பேறும் தனக்கு, போதனையும் மொழிப் பயிற்சியும் ஊழியத்துக்கு என்று பிரித்துக்கொள்ள இயலாதபடி, இரண்டையும் ஒரே உடலால் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் இந்தப் பெண்களின் வாழ்க்கை முழுவதையும் நிர்ணயித்தது.

பிறப்பும் வளர்ப்பும்

நார்சிஸ்ஸா 1808 மார்ச் 14ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பிராட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் ஸ்டீபன் பிரென்டிஸ், கிளாரிஸ்ஸா வார்டு தம்பதிகளுக்கு ஒன்பது குழந்தைகளுள் மூன்றாவதாகப் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலில் வல்லவர், ஊரில் மதிப்புடையவர். தாயார் பக்திச் சிரத்தை மிகுந்தவர். அக்காலத்து நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் எழுப்புதல் கூட்டங்கள் அலையலையாக நடந்துவந்தன. அவற்றின் வேகத்தில் பதினோராம் வயதிலேயே மனந்திரும்பிச் சபையில் சேர்ந்த நார்சிஸ்ஸா, அயல்நாட்டு ஊழியமே தம் வாழ்க்கைப் பணி என்று இளமையிலேயே உறுதி கொண்டார். பிராட்ஸ்பர்க்கின் ஃபிராங்க்ளின் கல்விச்சாலையில் பயின்று சில காலம் ஆசிரியராகவும் இருந்தார். இனிய குரல் வளம் உடைய அவர் பாடும் ஞானப்பாட்டுகளை வீட்டாரும் சபையாரும் விரும்பிக் கேட்டனர். உடன்பிறந்தார் நிறைந்த கலகலப்பான இல்லத்தில், தாயின் கண்டிப்பும் தங்கைமாரின் தோழமையும் சூழ அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் ஆள் அரவமற்ற பள்ளத்தாக்கில் அவர் மீண்டும் அமைக்க முயன்றது அந்த இல்லத்தையே என்பது அவர் கடிதங்களைப் படிப்போர்க்கு எளிதில் விளங்கும்.

விவாகமும் பிரயாணமும்

மேற்கே மிஷன் நிலையங்கள் அமைக்க ஆள் தேடி 1834இல் வந்த சாமுவேல் பார்க்கர் என்னும் போதகரின் பேச்சு, நார்சிஸ்ஸாவுக்கும், அவர் அதிகம் அறிந்திராத மார்க்கஸ் விட்மன் என்னும் மருத்துவருக்கும் ஒரே வழியைக் காட்டியது. நீண்ட காதலின் விளைவன்றி, ஊழியத்தின் பொருட்டு இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட ஏற்பாடாகவே அந்த நிச்சயதார்த்தம் 1835இன் தொடக்கத்தில் நடைபெற்றது. மார்க்கஸ் அவ்வாண்டு மேற்கே சென்று வழியை ஆராய்ந்து திரும்பிய பின்னர், 1836 பிப்ரவரி 18ஆம் நாள் ஆஞ்சலிக்கா என்னும் ஊரில் விவாகம் நடந்தது; மணப்பெண் கறுப்புப் பட்டாடை அணிந்திருந்தார். தாய்நாட்டை விட்டுப் பிரியும் பொருளமைந்த பாடலைச் சபையார் பாடத் தொடங்கித் துக்கத்தால் குரல் தழுதழுத்து ஒவ்வொருவராக நின்றுவிட, மணமகள் ஒருவரே இறுதி அடிகளைப் பாடி முடித்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. மறுநாளே தம்பதிகள் புறப்பட்டனர். பெற்றோரை நார்சிஸ்ஸா அதன்பின் காணவில்லை.

மிஷன் ஊழியர்களான ஹென்றி ஸ்பால்டிங், அவர் மனைவி எலைசா, வில்லியம் கிரே ஆகியோர் உடன் வந்தனர். தோல் வியாபாரக் கம்பெனியின் வண்டித் தொடரோடு சேர்ந்து சென்ற அப்பயணத்தில், பெண்கள் தாமே தைத்த கூடாரம் ஒன்றே குழுவினர் அனைவர்க்கும் வீடாக இருந்தது. காய்ந்த காட்டெருமைச் சாணமே விறகு. காட்டெருமை இறைச்சியே வாரக்கணக்கில் ஒரே உணவு. புதுமணத் தம்பதிகளுக்கு உரிய தனிமை என்பது பெயரளவுக்கும் இல்லாத அந்தச் சூழ்நிலையிலும் நார்சிஸ்ஸா உற்சாகம் குன்றாமல் எழுதியிருக்கிறார். அம்மா சுடும் ரொட்டியை நினைத்து ஏங்குவதாக மட்டும் இடையில் ஒப்புக்கொள்கிறார். ஜூலை 4ஆம் நாள் அவரும் எலைசாவும் சவுத் பாஸ் கணவாயின் வழியே கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டைக் கடந்தனர். பாரம் குறைக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் குடும்பப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. வண்டியும் இரு சக்கர வண்டியாகக் குறைக்கப்பட்டு, பாய்சி கோட்டையில் அதுவும் நின்றுவிட்டது.

செப்டம்பர் 12ஆம் நாள் கொலம்பியா நதிக்கரையிலுள்ள வான்கூவர் கோட்டையை அடைந்தபோது, ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் அதிகாரி ஜான் மெக்லோக்லின் அவர்களை அன்புடன் வரவேற்றார். அக்கோட்டையிலிருந்த அதிகாரிகளின் மனைவியர் பெரும்பாலோர் ஆதிக்குடிப் பெண்களோ கலப்பு மரபினரோ ஆவர்; மெக்லோக்லினின் மனைவியும் அத்தகையவரே. ஆடவர் வீடு கட்டச் சென்றிருந்த வாரங்களில், கர்ப்பவதியாயிருந்த நார்சிஸ்ஸா அங்கே தங்கிக் கோட்டைப் பள்ளிச் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார்.

வையிலாட்பூ இல்லம்

மிஷன் நிலையம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்பால்டிங் தம்பதிகள் நெஸ் பெர்ஸ் மக்களிடையே லாப்வாய் என்னுமிடத்தில் தங்க, விட்மன் தம்பதிகள் சுமார் 120 மைல் தொலைவில், வாலா வாலா ஆற்றங்கரையில் வையிலாட்பூ என்னும் கேயூஸ் நிலத்தைத் தேர்ந்தனர். 1836 டிசம்பர் 10ஆம் நாள் நார்சிஸ்ஸா அங்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்குக் கதவும் சன்னலும் இல்லை. கம்பளிகளைத் தொங்கவிட்டே குளிரை மறைத்தார்கள். மான் தோலால் இருக்கை பின்னிய நாற்காலிகளும், சுவரோடு பலகை அறைந்து செய்த கட்டிலுமே முதல் தட்டுமுட்டுகள். ஆற்றுப் பெருக்கால் அவ்வீடு பழுதுற்றதால், வெயிலில் உலர்த்திய செங்கல்லால் விசாலமான புதிய வீடு ஒன்றைச் சில ஆண்டுகளில் கட்டினார்கள்.

உணவு முறை இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறியது. தொடக்கத்தில் ஆடு மாடுகளைக் கொல்லக் கட்டுப்படியாகாமையால், கேயூஸ் மக்களிடம் வாங்கிய குதிரைகளின் இறைச்சியையே மிஷனரிகள் உண்டனர். அருகிலிருந்த வாலா வாலா கோட்டையிலிருந்து மாவும், ஆற்றிலிருந்து சால்மன் மீனும், தோட்டத்திலிருந்து உருளைக்கிழங்கும் சோளமும் கிடைத்தன. உடன் ஓட்டி வந்த கறவை மாடுகளால் பாலும் வெண்ணெயும் குறைவின்றி இருந்தன. மெழுகுவத்தி வார்ப்பது, சோப்புக் காய்ச்சுவது, துணி தைப்பது, நோயாளிகளுக்குக் கஞ்சி வைப்பது ஆகியவை எல்லாம் வீட்டுத் தலைவியின் பொறுப்பு. ஹவாய்த் தீவினரான கிறிஸ்தவத் தம்பதிகள் ஜோசப் மாக்கியும் மரியாவும் 1838இல் வந்து உதவினர். ஜோசப் 1840இல் இறந்துபோக, அந்த உதவியும் நீடிக்கவில்லை.

தாய்வீட்டுக்கு எழுதும் கடிதம், ஒன்று கம்பெனித் தபால்காரரோடு மலைகளைக் கடந்து மாண்ட்ரியாலுக்குப் போக வேண்டும்; அல்லது கப்பலேறி ஹவாய்த் தீவுகளின் வழியாகத் தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிக்கொண்டு பாஸ்டன் போக வேண்டும். வீட்டை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரே பெற்றோரிடமிருந்து முதல் கடிதங்கள் நார்சிஸ்ஸாவின் கைக்கு வந்தன. ஒரு கேள்வி கேட்டு விடை பெறுவதற்குள் கேட்ட காரணமே மறைந்துவிடும் நிலையில், பிள்ளை வளர்ப்பிலும் நோயிலும் துக்கத்திலும் தாயின் ஆலோசனை அவருக்கு ஒருபோதும் உரிய வேளையில் கிட்டவில்லை. தங்கை ஜேனையாவது தம்மிடம் அனுப்பி வைக்கும்படி அவர் ஆண்டுதோறும் மன்றாடி எழுதினார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை.

மகள் அலைஸ்

1837 மார்ச் 14ஆம் நாள், தாயின் இருபத்தொன்பதாவது பிறந்தநாளன்றே, அலைஸ் கிளாரிஸ்ஸா பிறந்தாள். பசிபிக் வடமேற்கில் அமெரிக்கப் பிரஜைகளுக்குப் பிறந்த முதல் குழந்தை அவளே. பிரசவத்துக்குத் துணையாக வாலா வாலா கோட்டை அதிகாரி பம்புருனின் மனைவி வந்திருந்தார். மருத்துவம் பார்த்தவர் கணவரே. குழந்தையைப் பார்க்கக் கேயூஸ் ஆண்களும் பெண்களும் திரளாக வந்தனர். மறுநாள் வந்த டிலவ்கைக்ட் என்னும் தலைவர், தங்கள் மண்ணில் பிறந்தமையால் இவள் கேயூஸ் சிறுமியே என்று உரிமை பாராட்டிச் சொல்லிப் போனதை நார்சிஸ்ஸா மகிழ்ச்சியோடு தாய்வீட்டுக்கு எழுதினார். பேச்சுப் பழகும் பருவத்தில் அலைஸ் இங்கிலீஷோடு நெஸ் பெர்ஸ் மொழியையும் கலந்து பேசினாள். அம்மொழிப் பாட்டுகளையும் பாடினாள். பெரியவர்கள் பாடுபட்டுப் பயின்றும் வசப்படாத மொழி அக்குழந்தைக்குத் தானே வந்ததைக் கண்டு கேயூஸ் மக்கள் அவள்மீது பெருமை கொண்டனர். மிஷன் வீட்டுக்கும் அவர்களுக்குமிடையே பிரசங்கத்தால் உண்டாகாத உறவு, இந்தக் குழந்தையால் உண்டாகி வந்தது.

1839 ஜூன் 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெற்றோர் இருவரும் புத்தகத்தில் ஆழ்ந்திருந்த சிறு பொழுதில், குழந்தை இரண்டு குவளைகளை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள ஆற்றுக்குப் போயிற்று. குவளைகள் நீரில் மிதக்கக் கண்டு தேடியபோது, முதியவரான ஆதிக்குடி மனிதர் ஒருவர் ஆற்றில் மூழ்கி உடலை எடுத்துவந்தார். அப்போது அலைஸுக்கு இரண்டு வயதும் மூன்று மாதங்களும். லாப்வாயிலிருந்து ஸ்பால்டிங் தம்பதிகள் வந்து சேரும்வரை நான்கு நாட்கள் உடலை வீட்டில் வைத்திருந்து, வீட்டருகே மேட்டில் அடக்கம் செய்தார்கள். நார்சிஸ்ஸாவுக்கு அதன்பின் குழந்தை பிறக்கவில்லை. கடவுளின் சித்தம் என்று துக்கத்தை அடக்கிக்கொண்டதாக அவர் எழுதினாலும், அதன்பின் அவர் உடல்நலமும் கண்பார்வையும் குன்றத் தொடங்கின. வீட்டை விட்டு வெளியே சென்று ஊழியம் செய்யும் ஆர்வமும் தளர்ந்தது.

அன்னையர் சங்கம்

1838ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மிஷன் ஊழியர்களான வாக்கர், ஈல்ஸ், ஸ்மித், கிரே ஆகியோர் தத்தம் மனைவியருடன் உதவிக்கு வந்தனர். செப்டம்பர் 3ஆம் நாள் நார்சிஸ்ஸா, எலைசா ஸ்பால்டிங், மேரி வாக்கர், மைரா ஈல்ஸ், சேரா ஸ்மித், மேரி கிரே ஆகிய ஆறு பெண்களும் சேர்ந்து கொலம்பியா அன்னையர் சங்கம் என்ற ஒன்றை அமைத்தனர். ராக்கி மலைக்கு மேற்கே தோன்றிய முதல் மாதர் சங்கம் இதுவென்பர். நியூ இங்கிலாந்து மாநிலங்களில் அப்போது பரவியிருந்த தாய்மார் சங்கங்களே இதற்கு மாதிரி. பிள்ளைகளைப் பக்தியில் வளர்ப்பது பற்றிய நூல்களைப் படித்தல், அவர்களுக்காக ஜெபித்தல், ஒருவருக்கொருவர் அனுபவங்களை எழுதிக்கொள்ளுதல் ஆகியவை இதன் நோக்கங்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவுகளில் சிதறிப்போன பின்னர்க் கூட்டம் கூடுவது அரிதாயிற்று. ஆகவே குறித்த வேளையில் அவரவர் தத்தம் வீட்டிலேயே மண்டியிட்டு, பெயர் சொல்லி மற்றவர் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். உதவிக்கு உறவுப் பெண்கள் இல்லாத அந்நாட்டில், இச்சங்கமே அவர்களுக்குத் தாய்வீடாகவும் தங்கையராகவும் அமைந்தது.

ஆயினும் இவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ நேர்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வையிலாட்பூ வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வசித்தன. ஆண்கள் உள்ள கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு ஜெபிக்கலாமா என்பதில் வாதம் எழுந்தது. நார்சிஸ்ஸா அப்படி ஜெபித்துப் பழகியவர், புதிதாக வந்தவர்களோ அதைத் தகாததென்று கருதினர். அடுப்படி வேலையைப் பங்கிடுவதிலும் மனத்தாங்கல் மூண்டது. டிசம்பர் 7ஆம் நாள் அதே வீட்டில் மகன் சைரஸைப் பெற்ற மேரி வாக்கர் தம் நாட்குறிப்பில், வீட்டுத் தலைவியின் மனநிலை நாளுக்கு நாள் மாறுவதைக் கூர்மையாகப் பதிந்திருக்கிறார். ஊழியர் குடும்பங்கள் சமாதானத்துக்கு முன்மாதிரி என்ற எண்ணத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கேயூஸ் மக்கள் இந்தப் பிணக்குகளை அறியாமலிருந்திருக்க முடியாது.

கதவும் வாசலும்

கேயூஸ் மக்களின் வழக்கப்படி, ஓரிடத்தில் வந்து தங்குவோர் அந்நிலத்துக்குரியவரோடு உணவையும் பொருளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் வருவோரைத் தடுப்பது அவமதிப்பு. நார்சிஸ்ஸா வளர்ந்த சமூகத்திலோ, குடும்பத்தின் தனியறை புனிதமானது. சமையலறையும் படுக்கையறையும் பிறர் கண்ணுக்குரியவை அல்ல. கேயூஸ் மக்கள் வேண்டிய நேரத்தில் வந்து சன்னல் வழியே பார்ப்பதும், அடுப்பைச் சூழ்ந்து அமர்வதும், தெள்ளுப்பூச்சியை விட்டுச் செல்வதும் தம்மை வருத்துவதாக அவர் கடிதங்களில் பலமுறை முறையிடுகிறார். புதிய வீட்டில் ஆதிக்குடிகளுக்கென்று தனி அறை ஒன்று ஒதுக்கி, மற்ற அறைகளுக்கு அவர்கள் வருவதைத் தடுத்தனர். தாங்கள் இடம் கொடுத்த நிலத்திலேயே தங்களுக்குக் கதவடைக்கப்படுவதைக் கேயூஸ் மக்கள் மறக்கவில்லை. குடும்பத்தை முன்மாதிரியாகக் காட்ட வேண்டும் என்ற சங்கத்தாரின் கொள்கையும், குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற தாயின் உணர்ச்சியும் இந்த வீட்டில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. லாப்வாயில் எலைசா ஸ்பால்டிங் மொழியை நன்கு கற்று, தாமே தீட்டிய படங்களைக் கொண்டு பெண்களுக்குப் போதித்து, அவர்கள் அன்பைப் பெற்றிருந்தமையால், இந்தப் பிளவு மிஷனரி வாழ்க்கையில் தவிர்க்கவே இயலாத ஒன்று என்று கொள்வதற்கில்லை.

வளர்ப்புப் பிள்ளைகள்

மகளை இழந்த வீட்டில், ஊழியத்தின் இடத்தை மெல்ல மெல்லப் பிள்ளை வளர்ப்பு எடுத்துக்கொண்டது. மலைநாட்டு வேட்டைக்காரர்கள் தங்களுக்கு ஆதிக்குடிப் பெண்கள்பால் பிறந்த குழந்தைகளைக் கிறிஸ்தவ வீட்டில் வளர்க்க விரும்பினர். ஜோ மீக் தம் மகள் ஹெலன் மாரை 1840இலும், ஜிம் பிரிட்ஜர் தம் மகள் மேரி ஆனை 1841இலும் அனுப்பினர். 1842இல், ஸ்பானியத் தந்தைக்கும் வாலா வாலாத் தாய்க்கும் பிறந்து ஆதரவற்றிருந்த சிறுவன் ஒருவனை ஏற்று, டேவிட் மாலின் என்று பெயரிட்டார்கள். இக்குழந்தைகள் தாய்மொழியில் பேசுவதை நார்சிஸ்ஸா அனுமதிக்கவில்லை. சொந்த மகள் கேயூஸ் மக்களோடு அவர்கள் பேச்சில் உரையாடியதைப் பெருமையாக எழுதிய அதே தாய், ஆதிக்குடி இரத்தம் கலந்த இப்பிள்ளைகளை ஆதிக்குடி மக்களிடமிருந்து விலக்கியே வளர்த்தார்.

நிலையத்தை மூடச் சங்கத்தார் ஆணையிட்டதை மாற்றும்படி வாதாட, 1842 அக்டோபர் 3ஆம் நாள் மார்க்கஸ் குதிரைமீதேறிக் கிழக்கே புறப்பட்டார். சில நாட்களில் ஓர் இரவு எவனோ ஒருவன் நார்சிஸ்ஸாவின் படுக்கையறைக்குள் நுழைய முயன்றான். அவர் கூவியதால் ஓடிவிட்டான். அதன்பின் அவர் வீட்டை விட்டு, வாலா வாலா கோட்டையிலும் பின்னர் டால்ஸ் என்னுமிடத்து மெதடிஸ்ட் மிஷன் வீட்டிலும், சிகிச்சைக்காக வான்கூவர் கோட்டையிலும் தங்கினார். நிலையத்தின் மாவு ஆலை அக்காலத்தில் எரிந்துபோயிற்று. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், குடியேறிகள் சுமார் ஆயிரம் பேர் கொண்ட பெருங்கூட்டத்தோடும் தம் சகோதரர் மகன் பெர்ரினோடும் மார்க்கஸ் திரும்பினார். அதுமுதல் வையிலாட்பூ, கேயூஸ் மக்களுக்கான மிஷன் நிலையம் என்பதைவிட வெள்ளைக் குடியேறிகளின் வழிச்சத்திரமாகவே பெரிதும் பயன்பட்டது.

1844 இலையுதிர் காலத்தில் வந்தவர்கள் சேகர் குடும்பத்தின் ஏழு பிள்ளைகள். வழியில் தந்தை ஹென்றியும், ஒரு மாதத்துக்குள் தாய் நயோமியும் இறந்துபோக, வண்டித்தொடரில் வந்தோரின் தயவால் பிழைத்துவந்த அவர்களுள் மூத்தவன் ஜான், அடுத்தவன் பிரான்சிஸ், பின் கேத்தரின், எலிசபெத், மாட்டில்டா, லூயிசா; கடைசிக் குழந்தை ஐந்தே மாதத்தினள், உயிர் தங்குமோ என்று ஐயுறும்படி மெலிந்திருந்தாள். வண்டிச் சக்கரத்தில் கால் முறிந்திருந்த கேத்தரின் ஊன்றிக்கொண்டே இறங்கினாள். பச்சைக் குழந்தையை முதலில் ஏற்றுக்கொண்ட நார்சிஸ்ஸா, பின்னர் எழுவரையும் ஏற்றார். இறந்த பெற்றோரின் நினைவாகக் குழந்தைக்கு ஹென்றியேட்டா நயோமி என்று பெயர் மாற்றப்பட்டது. இவ்வாறு அவர் பெர்ரினையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகளுக்குத் தாயானார்.

இல்லத்தின் ஒழுங்கு

கேத்தரின் சேகர் 1860ஐ ஒட்டி எழுதிய நினைவுக் குறிப்புகளே இந்த இல்லத்தின் நாள்முறையை நமக்கு அறிவிக்கின்றன. பொழுது புலருமுன் துயிலெழுதல், குடும்ப ஆராதனை, வேத வசனங்களை மனப்பாடம் செய்தல், வீட்டு வேலையில் ஆளுக்கொரு பங்கு, ஒன்பது மணிக்குப் பள்ளி என்று நாள் கழிந்தது. சலவை நாளில் வீட்டிலுள்ளோர் அனைவரும் அதிகாலையிலேயே எழுந்துவிடுவர். பையன்கள் நீண்ட முன்தானைத் துணிகளைக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமப்பர், துணி குத்துவர். வேடிக்கைப் பேச்சும் சிரிப்புமாக வேலை நடந்து, பள்ளி தொடங்குவதற்குள் துணிகள் கொடியில் உலரும். பெரும்பாலும் பாலும் சோள மாவுக் கூழுமே பிள்ளைகளின் உணவு, தேநீர் அரிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தி உண்டு. தானே விதைத்துத் தானே களை எடுக்க வேண்டும். ஆற்றில் குளிப்பதும், நார்சிஸ்ஸாவுடன் வெளியே உலாவிச் செடிகொடிகளைச் சேகரித்து அவற்றின் இயல்பை அறிவதும் மகிழ்ச்சியான பொழுதுகள். மாலையில் அவர் பாட்டுக் கற்பிப்பார். சொன்னதை உடனே செய்ய வேண்டும் என்பதில் சற்றும் தளராத கண்டிப்பு அவரிடம் இருந்தது. அந்தக் கண்டிப்பைக் குறிப்பிடும் கேத்தரினே, தாயில்லாப் பிள்ளைகளாகிய தங்களுக்கு அங்கே உண்மையான வீடு கிடைத்தது என்றும் நன்றியோடு சொல்கிறார். மார்க்கஸும் அப்பிள்ளைகளுக்குத் தந்தையாகவே இருந்தார்.

முடிவு

1847இல் குடியேறிகளோடு வந்த தட்டம்மை, அந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத கேயூஸ் மக்களிடையே பரவியது. சில நூறு பேரே கொண்ட அச்சமூகத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் என்று கணிக்கப்படுகிறது. மருத்துவர் பார்த்த வெள்ளைக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தன. கேயூஸ் குழந்தைகளோ இறந்தன. நோயாளியைக் காப்பாற்றத் தவறிய வைத்தியனின் உயிரை வாங்கும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. விட்மன் நஞ்சு வைக்கிறார் என்ற வதந்தியும் பரவியது. நிலம் பறிபோகிறதென்ற அச்சம் பல ஆண்டுகளாகவே மூண்டிருந்தது. நவம்பர் 29ஆம் நாள், எழுபதுக்கு மேற்பட்டோர் தங்கியிருந்த நிலையத்தின்மீது தாக்குதல் தொடங்கிற்று. நோயுற்ற பிள்ளைகளைப் பராமரித்துக்கொண்டிருந்த நார்சிஸ்ஸா, கணவர் வெட்டுண்டு கிடக்க, சன்னலருகே குண்டடிபட்டு, பின்னர் வெளியே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டார். ஜான், பிரான்சிஸ் சேகர் இருவரும் மாண்டனர். அந்நாளிலும் அடுத்த சில நாட்களிலும் கொல்லப்பட்டோர் 13 பேர். பெண்களுள் உயிரிழந்தவர் நார்சிஸ்ஸா ஒருவரே. தாக்கியோருள் முன்னின்றவராகக் கருதப்பட்டவர், அலைஸ் பிறந்தபோது அவளைத் தம் மக்களுள் ஒருத்தியாகக் கொண்டாடிய டிலவ்கைக்ட். அந்தத் தட்டம்மையில் அவரும் தம் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார்.

சிறைப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் சுமார் ஐம்பது பேர். லூயிசா சேகரும் ஹெலன் மார் மீக்கும் சிறையிலேயே தட்டம்மையால் இறந்தனர். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன், கம்பளிகளும் சட்டைகளும் துப்பாக்கிகளும் புகையிலையும் ஈடாகத் தந்து டிசம்பர் இறுதியில் மற்றவர்களை மீட்டார். டேவிட் மாலின் மட்டும் வாலா வாலா கோட்டையிலேயே விடப்பட்டான். அவனுக்கு நேர்ந்தது சரித்திரத்தில் பதிவாகவில்லை. மேரி ஆன் பிரிட்ஜர் 1848இல் மறைந்தாள். எஞ்சிய சேகர் சகோதரிகள் நால்வரும் வில்லமெட் பள்ளத்தாக்கில் வெவ்வேறு குடும்பங்களில் பிரிந்து வளர்ந்தனர். கேயூஸ் மக்கள்மீது போர் தொடுக்கப்பட்டது; டிலவ்கைக்ட் உள்ளிட்ட ஐவர் 1850 ஜூன் 3ஆம் நாள் ஆரிகன் சிட்டியில் தூக்கிலிடப்பட்டனர். 1855 உடன்படிக்கையால் கேயூஸ் மக்கள் தம் நிலத்தை இழந்து உமட்டில்லா ஒதுக்கு நிலத்தில் குடியேற்றப்பட்டனர்.

மதிப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பக்தி நூல்கள் நார்சிஸ்ஸாவைத் தியாகியாகவே சித்திரித்தன. ஆனால் அவரை நேரில் அறிந்த டால்ஸ் மிஷனரி பெர்கின்ஸ் 1849இல் தங்கை ஜேனுக்கு எழுதிய கடிதத்தில், அவர் நாகரிகச் சமூகத்தில் ஒளிவிடத் தக்கவர் என்றும், காட்டு வாழ்க்கைக்கும் அம்மக்களோடு இணங்கிப் பழகவும் இயல்பால் ஏற்றவர் அல்லர் என்றும் ஒளிவுமறைவின்றித் தெரிவித்தார். இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளருள் கிளிஃபோர்ட் டுரூரி அவர் கடிதங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்; ஜூலி ராய் ஜெஃப்ரி 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், எழுப்புதல் கூட்டங்கள் ஊட்டிய இலட்சியத்துக்கும் எல்லைப்புறக் குடும்பத்தின் கடினங்களுக்கும் இடையே அவர் பட்ட பாட்டை விளக்கினார்.

இவ்வெல்லாவற்றையும் ஒருங்கு நோக்கும்போது, வெற்றி தோல்வி என்ற ஒரே அளவுகோல் இந்த வாழ்க்கைக்குப் பொருந்தாமை புலனாகும். மிஷனரியாக நார்சிஸ்ஸா ஏறக்குறைய எதையும் சாதிக்கவில்லை; பதினோர் ஆண்டு ஊழியத்தில் கேயூஸ் மக்களுள் சபையில் சேர்ந்தோர் மிகச் சிலரே. தாயாகவோ, பதினொரு பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் பாட்டும் ஒழுங்கும் தந்தார். இவ்விரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்: வீட்டுக்குள்ளிருந்தோரை அணைத்துக்கொண்ட அதே கரங்கள் வாசலில் நின்றோருக்குக் கதவைச் சாத்தின. அவரை அனுப்பிய சங்கத்தார் குடும்பமே ஊழியத்தின் கருவி என்று எண்ணினார்கள். ஒரு குடும்பம் தன்னைச் சூழ்ந்த மக்களின் குடும்பங்களோடு கொள்ளல் கொடுத்தல் இன்றி அப்படிப்பட்ட கருவியாக முடியாது என்பதை அவர்கள் கருதவில்லை. வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா நகருக்கு அருகிலுள்ள வையிலாட்பூ இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே விட்மன் குடும்பத்தின் கதையோடு கேயூஸ் மக்களின் தரப்பும் வருவோர்க்கு எடுத்துரைக்கப்படுகிறது.